மாஸ்டடானில் ஒரு கரிசல்காட்டான்

ட்விட்டரை விட்டுப் போகிறேன் என்று நான் எழுதிய கடைசிப் பதிவுக்கு வந்த லைக், அங்கே நான் எழுதிய வேறு எதற்கும் வந்ததில்லை. "போகாதீங்க அண்ணாச்சி" என்றார்கள். "நீங்க இல்லாம கரிசல் ஏது" என்றார்கள். ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, கண் கலங்கும் பொம்மை போட்டு முடிப்பதற்காகவே மேலும் சில வாரம் அங்கேயே இருந்தேன். கடைசியில் ஒருத்தர் பொறுமை இழந்து கேட்டுவிட்டார்: "அண்ணாச்சி, இன்னும் கிளம்பலையா?"

2022 அக்டோபர் 27ஆம் தேதி ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலர் கொடுத்து ட்விட்டரை வாங்கி முடித்தார். அதை அடுத்த வாரங்களில் உலகம் முழுக்கப் பலர் மூட்டை கட்டினார்கள். வேலையை விட்டு நீக்கப்பட்டவர்களுக்காகச் சிலர், வெறுப்புப் பேச்சு கூடிவிடும் என்று சிலர், நீலக் குறிக்குக் காசு கேட்டதால் சிலர். எனக்கு அப்படிக் கொள்கை ஒன்றும் இல்லை. என்னை யாரும் கவனிப்பதில்லை என்ற குறை மட்டும் நெடுநாளாக இருந்தது. காரணம் அல்காரிதம்தான் என்று உறுதியாக நம்பினேன். கரிசல் மண்ணைப் பற்றி உருகி உருகி எழுதினால் அதை அமுக்கிவிட்டு, எவனோ போட்ட பூனைக்குட்டியைத் தூக்கிவிடுகிறது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகன், "அல்காரிதமே இல்லாத இடம் ஒண்ணு இருக்கு மாமா" என்றதும், என் திறமைக்குக் கடைசியாக ஒரு நீதிமன்றம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அந்த இடத்தின் பேர் எனக்குப் புதிதில்லை. 2019இலேயே கேள்விப்பட்டிருந்தேன். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கிய சமயம் அது. 1936இல் ஹாம்பர்க் கப்பல் தளத்தில் கூட்டமே நாஜி வணக்கத்துக்குக் கை நீட்டி நிற்கையில், ஒரே ஒரு ஆள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் புகழ்பெற்ற படத்தைத் தன் பக்கத்தில் வைத்திருந்தார் அவர். அதில் தொடங்கிய தகராறில் அந்த நவம்பரில் இந்தியர்கள் கூட்டம் கூட்டமாக மாஸ்டடானுக்குப் போனார்கள். நானும் ஆதரித்தேன். ட்விட்டரில் இருந்தபடியே, "ட்விட்டரை விட்டு வெளியேறுவோம்" என்று கிட்டத்தட்ட தினமும் எழுதி ஆதரித்தேன்.

மாஸ்டடான் என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியைச் சேர்ந்த யூஜென் ரோச்கோ 2016இல் வெளியிட்ட மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம், காசு கிடையாது. அப்படி நிறுவியவர்கள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒவ்வொரு சர்வருக்கும் தனிப் பேர், தனிச் சட்டதிட்டம், தனி நிர்வாகி. ஆனால் ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் சொல்லலாம். இதற்கான பொது மொழியாக ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையை 2018 ஜனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது.

எங்கள் பக்கத்து ஆட்களிடம் இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. கண்மாய் என்றால் போதும். ஊருக்கு ஒரு கண்மாய். அது பெருகினால் கலிங்கல் வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். தண்ணீர் எல்லாருக்கும் பொது. மடையைத் திறப்பதும் கரையைப் பார்ப்பதும் தூர் வாருவதும் அந்தந்த ஊர்க்காரர்கள் பாடு. மடை பார்க்கும் நீர்ப்பாய்ச்சிக்கு அறுப்புக் காலத்தில் களத்திலேயே பங்கு அளந்து போட்டுவிடுவார்கள். ட்விட்டரோ ஒரே ஒரு அணை. சாவி ஒரே ஆளிடம். இந்த விளக்கத்தைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன். மாஸ்டடானில் சேர்ந்த பிறகும் இதைத்தான் நீண்ட தொடராக எழுதினேன். உருளைகுடிக் கண்மாயை நடுவில் வைத்து எழுதப்பட்ட சோ. தர்மனின் 'சூல்' நாவலையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். அது 2019இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. ஊர் பராமரித்த கண்மாய், ஊர் கையை விட்டுப் போனதும் எப்படிப் பாழாயிற்று என்பது அந்த நாவலின் விஷயம். ஊர்ப் பொதுவுக்கு மனிதன் எப்படிப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று உபதேசம் செய்திருந்தேன். இதை ஞாபகத்தில் வையுங்கள்.

சேருவதே பெரும்பாடாகிவிட்டது. ட்விட்டரில் போனோமா, பேர் கொடுத்தோமா, முடிந்தது. இங்கே முதல் கேள்வியே எந்த சர்வர் என்பது. பட்டியலைப் பார்த்தேன். இசைக்காரர்களுக்கு ஒன்று, வானியல் ஆர்வலர்களுக்கு ஒன்று, ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஒன்று. சம்பந்தம் பேசும் வீட்டில் ஜாதகம் பார்த்த நேரத்தைவிட அதிக நேரம் இதற்குச் செலவழித்தேன். கடைசியில் ஐரோப்பாவில் யாரோ ஒருவர் நடத்தும் சின்ன சர்வரைப் பிடித்தேன். தோட்டம், விவசாயம், மண் பற்றிப் பேசுபவர்களுக்கானது. முகப்பில் ஒரு ஆட்டுக்குட்டிப் படம் இருந்தது. தேர்வுக்கு அதுதான் உண்மைக் காரணம்.

"ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்று ஒரு பெட்டி இருந்தது. எழுதச் சொன்னால் எழுதாமல் விடுபவனா நான்? பாரதி பிறந்த எட்டயபுரம் பக்கம் என்று ஆரம்பித்தேன். இடைசெவல் என்ற ஒரே சிற்றூரிலிருந்து கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்று இரண்டு பேர் சாகித்ய அகாதெமி விருது பெற்ற பெருமையைச் சொன்னேன். 1901இலேயே எங்கள் ஊரான கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது என்றேன். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லி, தீப்பெட்டித் தொழிலையும் ஹாக்கியையும் தொட்டு, கழுகுமலை வெட்டுவான் கோவிலில் கொண்டுபோய் முடித்தேன். சில நாள் கழித்துப் பதில் வந்தது. நல்வரவு சொல்லிவிட்டு நிர்வாகி எழுதியிருந்தார்: நீங்கள் இயந்திரம் இல்லை என்று தெரிந்தால் போதும், ஒரு வரி எழுதியிருந்தாலே சேர்த்திருப்போம்.

அந்த விண்ணப்பத்தில் ஒரு பெரிய பொய் இருந்தது. விவசாயக் குடும்பம் என்று எழுதியிருந்தேன். அப்பா விட்டுப்போன கொஞ்சம் மானாவாரிக் காடு இருப்பது உண்மை. அதைப் பக்கத்துக் காட்டுப் பெரியவர் ஒருத்தர்தான் வாரத்துக்கு உழுகிறார். நான் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். மண்வெட்டியைப் போட்டோ எடுத்திருக்கிறேன்; பிடித்ததில்லை.

முதல் பதிவு "வணக்கம்". ஒரு ஈ காக்கை இல்லை. மறுநாள் "காலை வணக்கம்" போட்டுப் பார்த்தேன். இடத்துக்கு இங்கே குறைவில்லை. ட்விட்டரில் கோவில்பட்டி என்று எழுதினால் பதினொரு எழுத்து என்று எண்ணும். கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் தனிக் கணக்கு. அப்படி எண்ணித்தான் ஒரு பதிவுக்கு 280. மாஸ்டடான் அதை ஆறெழுத்து என்று சரியாக எண்ணுகிறது, மேற்கொண்டு 500 வரை இடமும் தருகிறது. இடம் போதவில்லை, அதனால்தான் என்னால் விரிவாக எழுத முடியவில்லை என்று இத்தனை வருஷம் சொல்லிவந்தேன். இப்போது இடம் கிடந்தது. எழுத ஒன்றும் இல்லை.

இதை ஒப்புக்கொள்ள வெகுநாள் ஆனது. ட்விட்டரில் நான் எழுதியவை என்று எவற்றை நினைத்துக்கொண்டிருந்தேனோ, அவற்றில் பெரும்பாலானவை பதில்கள். காலையில் திறந்தால் யாரோ யாரையோ திட்டிய பதிவை அல்காரிதம் கொண்டுவந்து முகத்துக்கு நேராக நிறுத்தும். எனக்குச் சுரீர் என்று ஏறும். அந்தச் சூட்டில் நாலு வரி எழுதுவேன். அதற்குப் பேர் சமூக அக்கறை என்று வைத்திருந்தேன். இங்கே பின்தொடர்கிறவர்களின் பதிவுகள் எழுதிய வரிசைப்படி வந்தன. ஒருத்தர் தக்காளி நாற்று விட்டிருந்தார். இன்னொருத்தர் மழையளவு குறித்திருந்தார். எனக்குக் கோபமே வரவில்லை. கோபம் வராத என்னிடம் யாருக்கும் சொல்ல எதுவுமில்லை. நான் அமுக்கப்பட்டவன் என்று அழுதுகொண்டிருந்தேனே, அந்த அல்காரிதம்தான் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

சரி, நாலு பேர் கண்ணில் படுவோம் என்று கண்டதற்கெல்லாம் நட்சத்திரம் குத்தினேன். தக்காளிக்கு ஒன்று, மழையளவுக்கு ஒன்று. ஒன்றும் நடக்கவில்லை. மருமகனிடம் கேட்டேன்.

"நட்சத்திரம் போட்டா எழுதுனவருக்குத் தெரியும், அவ்வளவுதான் மாமா. நாலு பேருக்குப் போகணும்னா பூஸ்ட் பண்ணணும்."

"அடுத்தவன் எழுதுனத நான் எதுக்கு மாப்ள என் பக்கத்துல போடணும்?"

"அப்ப நீங்க எழுதுனத அடுத்தவன் எதுக்குப் போடணும்?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

இன்னொரு அசட்டுத்தனம். பதிவு எழுதும் பெட்டிக்குக் கீழே 'ஈஎன்' என்று சின்னதாக இரண்டு எழுத்து இருந்தது. கம்பெனி முத்திரை ஏதோ என்று விட்டுவிட்டேன். அது பதிவின் மொழியாம். நான் தமிழில் எழுதியதெல்லாம் ஆங்கிலம் என்ற அடையாளத்தோடு போய்க்கொண்டிருந்திருக்கிறது. மாஸ்டடானில் பொதுப் பக்கத்தை மொழிவாரியாக வடிகட்டிப் பார்க்கலாம். தமிழ் மட்டும் போதும் என்று வைத்திருந்த தமிழர்கள் கண்ணில் நான் படவே இல்லை. ஆங்கிலம் மட்டும் போதும் என்றிருந்த உலகத்தார் எல்லாருக்கும் பட்டிருக்கிறேன். தமிழுக்காக ட்விட்டரில் எத்தனை பேரோடு மல்லுக்கட்டியிருப்பேன்!

தேடலிலும் இதே கதிதான். கோவில்பட்டி என்று தேடினேன், ஒன்றும் வரவில்லை. இங்கே நம்மாட்கள் ஒருவரும் இல்லை, முன்னோடி நான்தான் என்று மார்தட்டி ஒரு பதிவு போட்டேன். அந்தக் காலத்தில் ஹேஷ்டேக் போட்டிருந்தால்தான் பதிவு தேடலில் அகப்படும். சொல்லை வைத்துப் பொதுப் பதிவுகளைத் தேடும் வசதி 2023 செப்டம்பரில் வந்த பதிப்பில்தான் வந்தது, அதுவும் எழுதியவர் சம்மதித்தால். எனக்கு முன்பே அங்கே தமிழர்கள் நன்றாகக் குடியேறியிருந்தார்கள். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், ஈழத்திலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் எழுதுபவர்கள். மாஸ்டடானின் பொத்தான்களுக்கே தமிழ்ப் பேர் வைத்திருந்தார்கள். முன்னோடிப் பதிவை அழித்துவிட்டேன்.

கூட்டம் சேர்ந்தது ஒரு படத்தால். சித்திரையில் எங்கள் காட்டை எடுத்த படம். கரிசல் கோடையில் வெடிக்கும். விரற்கடை அகலத்தில் ஆரம்பித்துக் கையே உள்ளே போகிற அளவுக்குப் பிளக்கும். அதைப் போட்டு, 'எங்கள் நிலம்' என்று மட்டும் எழுதினேன். கொட்டோ கொட்டென்று பதில். உடைந்த இதயங்கள். உங்கள் வறட்சிக்கு வருந்துகிறோம், பருவநிலை மாற்றத்தின் கொடுமையைப் பாருங்கள், நாங்கள் எப்படி உதவலாம்?

வறட்சி ஒன்றும் இல்லை. கரிசலின் குணம் அது. அதிலுள்ள களிமண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேல் மண் வெடிப்பில் விழுந்து உள்ளே போய், மழை வந்ததும் உப்பி மேலே வரும். கலப்பை படாமலே தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண். வெடித்த நிலத்தைப் பார்த்து எங்கள் ஊர்க்காரன் அழமாட்டான், வெடிக்காவிட்டால்தான் யோசிப்பான். இதை உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாழ்நாளில் கிடைக்காத கவனம் அது. ஒரு நாள் முழுக்க அந்த இதயங்களை வாங்கி வைத்துக்கொண்டேன். "உங்கள் அன்புக்கு நன்றி, சமாளித்துக்கொண்டிருக்கிறோம்" என்றுகூட ஒருத்தருக்கு எழுதினேன். நான் சமாளித்துக்கொண்டிருந்தது தீப்பெட்டி ஆபீஸ் சரக்குக் கணக்கை.

மறுநாள் மனசாட்சி உறுத்தி விளக்கம் எழுதினேன். அதைப் படித்த ஹாலந்துக்காரப் பெண்மணி ஒருவர் கேட்டார்: மழை வந்த பிறகு விதைப்பீர்களா, முன்பேயா? பெரியவருக்குப் போன் போட்டேன்.

"புரட்டாசில புழுதி விதைப்புத்தான் தம்பி. மழை பிறகு வரும். உங்க அப்பா காலத்துலயே அதானே. யாரு கேக்குறா?"

"ஹாலந்துல ஒரு அம்மா கேக்குறாங்க மாமா."

"அங்க என்ன மண்ணு?"

தெரியாது என்றேன். "அது தெரியாம நீ என்னத்த அவுகளுக்குச் சொல்லப் போற?" என்று வைத்துவிட்டார். அந்த சர்வரில் இருந்திருக்க வேண்டியவர் அவர்.

அடுத்தது கடலை மிட்டாய். அந்த சர்வரின் விதிகளில் ஒன்று, படம் போட்டால் பார்வையற்றவர்களுக்காக அதை விவரித்து எழுத வேண்டும் என்பது. அவர்கள் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை வைத்திருப்பார்கள். நாம் எழுதிய விவரிப்பை அது படித்துச் சொல்லும். நான் படத்தைப் போட்டு 'கடலை மிட்டாய்' என்று எழுதி முடித்துக்கொண்டேன். இங்கிலாந்திலிருந்து ஒருவர், தனக்குப் பார்வை இல்லை என்றும், அது என்னவென்று சொல்ல முடியுமா என்றும் கேட்டார். நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த தின்பண்டம் என்றேன். எப்படி இருக்கும், என்ன வடிவம் என்றார்.

பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து தின்கிற மிட்டாய், அன்றுதான் பார்த்தேன். கடலைப் பருப்பு ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்திருக்கிறது. சிலது குப்புறக் கிடக்கிறது, சிலது மல்லாந்து முளைக்குருத்துக் குழியைக் காட்டுகிறது. பாகு கருஞ்சிவப்பில் ஓரத்தில் மட்டும் கண்ணாடிபோல வெளிச்சத்தை விடுகிறது. மேலே ரோஸ், பச்சை, மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பூ. அதில் ஒரு ரோஸ் இழை பாகில் சிக்கிச் சாயம் இறங்கி நிற்கிறது. எழுத எழுத ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சரிபார்க்கலாம் என்று நிமிர்ந்தால் பாக்கெட்டில் தூள்தான் மிச்சம். அவர் மகிழ்ந்து நன்றி எழுதினார். என் இணைய வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே உருப்படியான பத்தி அதுதான். அதற்குக் கீழேயே வேறொருவர், உணவுப் படங்களுக்கு எச்சரிக்கைக் குறிப்புப் போட்டு மறைத்து வைக்குமாறு பணிவாகக் கேட்டிருந்தார். சாப்பாட்டைப் பார்த்தாலே சிலருக்கு மனக் கஷ்டம் வரும், அதற்காக அங்கே அப்படி ஒரு பழக்கம். கடலை மிட்டாய்க்கு எச்சரிக்கை போட்ட முதல் கோவில்பட்டிக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

இனி வருவது சொல்லக் கூசுகிற விஷயம். கனடாவில் ஒரு தமிழர் இருக்கிறார். நல்ல மனுஷர், நிறையப் படித்தவர். யார் எழுதினாலும் ஒற்றுப்பிழை திருத்துவார். என் கண்மாய்த் தொடரில் மட்டும் ஏராளமாகத் திருத்தினார். ஒரு ராத்திரி வயிறெரிந்து, திருநெல்வேலி நண்பருக்குத் தனிச்செய்தியில் எழுதினேன். எவரைப் பற்றிப் பேசுகிறேன் என்று நண்பருக்குத் தெரிய வேண்டுமே என்று, கனடாக்காரரின் முழு முகவரியையும் போட்டு, "இவருக்கு தமிழைத் திருத்துவதை விட்டால் வேறு வேலை இல்லையா?" என்று கேட்டிருந்தேன்.

காலையில் பதில் வந்திருந்தது. நண்பரிடமிருந்து இல்லை.

"'இவருக்குத் தமிழை' என்று ஒற்று மிகும். மற்றபடி வேலை இருக்கிறது, ஓய்வுபெற இன்னும் சில வருஷம் உண்டு."

கை நடுங்க மருமகனைக் கூப்பிட்டேன்.

"மாமா, அதுல தனிச்செய்தின்னு தனியா ஒண்ணும் கிடையாது. யார் பேரெல்லாம் போடுறீகளோ அவுகளுக்கெல்லாம் போகும். நீங்களே அவரக் கூப்பிட்டு வச்சுத் திட்டியிருக்கீக."

"அழிச்சிட்டா போயிருமா மாப்ள?"

"அவரு படிச்சிட்டாரே."

"நிர்வாகிக்கும் தெரிஞ்சிருக்குமோ?"

"அவரு நினைச்சா பாக்கலாம். பூட்டுச் சாவி ஒண்ணும் கிடையாது அதுக்கு. ஆனா அவருக்குத் தமிழ் தெரியாதுல்ல, விடுங்க."

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எழுதியதை மூன்று பேரிடம் காட்டி ஒற்றுச் சரிபார்த்த பிறகே அனுப்பினேன். அவர் பெருந்தன்மையாகப் பதில் போட்டார். ஒரே ஒரு திருத்தத்தோடு.

இந்த அவமானத்தில் கொஞ்ச நாள் வேறு வாசல்களையும் தட்டிப் பார்த்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது. 2023 ஜூலையில் த்ரெட்ஸ் வந்தது, சேர்ந்தேன். ப்ளூஸ்கை 2024 பிப்ரவரியில் அழைப்பில்லாமலே எல்லாருக்கும் கதவைத் திறந்தது, சேர்ந்தேன். பெங்களூர்க்காரர்கள் தமிழிலும் நடத்திய கூவில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. பாஸ்வேர்டு மறந்துபோய், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டிருந்தேன். 2024 ஜூலையில் கூவையே மூடிவிட்டார்கள். எல்லா இடத்திலும் அதே வெட்டுவான் கோவில் படம், அதே வணக்கம்.

நான் இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கையில் ஆட்டுக்குட்டி சர்வரில் மேலே ஒரு பட்டை வந்துகொண்டே இருந்தது. அறிவிப்பு. ஒலிபெருக்கிப் படம் போட்டு. வந்ததும் மூடிவிடுவேன், பண்டிகை வாழ்த்து ஏதோ என்று நினைப்பு. அதற்கு முன்பே நிர்வாகி சில முறை நன்கொடை கேட்டு எழுதியிருந்தார். மற்ற சர்வர்களிலிருந்து வரும் படங்களின் நகலையும் ஒவ்வொரு சர்வரும் சேமித்து வைக்க வேண்டியிருக்கிறது, சேமிப்பிடத்துக்கு மாதாமாதம் வாடகை ஏறுகிறது, என் சம்பளத்திலிருந்து கட்டுகிறேன் என்று. அதற்கு நட்சத்திரம் குத்தியிருந்தேன். காசு போடவில்லை. யாராவது போடுவார்கள் என்றிருந்தேன். ஊர்ப் பொதுவுக்கு மனிதன் எப்படிப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று நான் எழுதிய தொடரும் அவருடைய அந்த வாடகை இடத்தில்தான் இருந்தது.

பட்டையில் இருந்தது, சர்வரை மூடப்போகிறேன் என்ற செய்தி. மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெறும் சர்வர்கள் மூடுவதற்கு மூன்று மாதம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு ஒப்பந்தம் உண்டு. அவர் முறையாகச் சொல்லியிருந்தார். நான் படித்தது கடைசி நாள் சாயங்காலம். அதுவும் ஹாலந்து அம்மா, "நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டதால்.

சர்வர் மாறும்போது நம்மைப் பின்தொடர்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். புதுக் கணக்கில் பழைய முகவரியைச் சொல்லி, பழைய கணக்கிலிருந்து நகர்த்தச் சொன்னால், அவர்களாகவே புது இடத்துக்கு வந்துவிடுவார்கள். பழைய சர்வர் உயிரோடு இருக்கும்வரைதான் இது நடக்கும். எழுதிய பதிவுகள் கூட வராது. வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளலாம். மருமகன் போனில் ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லச் சொல்ல அமுக்கினேன். ஆட்கள் முக்கால்வாசிப் பேர் வந்து சேர்ந்தார்கள், கனடாக்காரர் உட்பட. நகல் கேட்க நேரமில்லை. கண்மாய்த் தொடர், வெடிப்பு விளக்கம், கடலை மிட்டாய் எல்லாம் போயிற்று. "அந்த மிட்டாயையாவது காப்பி எடுத்து வச்சிருக்கலாம்ல, அது ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு" என்றாள் என் மனைவி. அவள் படித்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மருமகனும் அவன் நண்பர்களும் இருக்கும் சர்வரில்தான் இப்போது இருக்கிறேன். இந்த முறை முதல் நாளே காசு கட்டிவிடுவது என்று வீம்பாக உட்கார்ந்தேன். நன்கொடை வாங்கும் தளத்தில் யுபிஐ கிடையாது, யூரோவில் கட்ட வேண்டும். என் கார்டு வெளிநாட்டுக்குச் செல்லாது என்றது. பாங்கில் போய்க் கேட்டேன். "எந்த நாட்டுக்கு சார், எதுக்கு?" என்றார் கவுண்டரில் இருந்த பையன். கண்மாய், மறுகால், நீர்ப்பாய்ச்சி என்று விளக்க ஆரம்பித்தேன். பின்னால் நகைக்கடனுக்கு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு படிவம் கொடுத்து, பூர்த்தி செய்து பான் கார்டு நகலோடு வரச் சொன்னார். படிவம் வீட்டில் இருக்கிறது.

கடைசியில் மருமகனே அவன் கார்டில் என் பங்கையும் சேர்த்துக் கட்டிவிட்டான். "மாசாமாசம் எனக்கு ஜீபே பண்ணிருங்க மாமா" என்றான். பண்ணிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போன மாதமும் சொன்னேன்.